பின் சக்கரத்தில் பதினோரு கம்பிகள்

செப்டம்பர் 4, வியாழன்

காலையிலிருந்தே அனல். மேற்கே கொஞ்சம் மேகம் கூடியது, மூன்று மணிக்குக் கலைந்தும் போனது. என் விதைக்கடையில் மக்காச்சோளத்துக்குக் கூட்டம். மழைக்கு முன்னால் விதைத்துவிட வேண்டும் என்று பரளச்சி சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே அவசரம். போன வருடமும் இதே அவசரம்தான்.

இன்று தம்பி கதிர் பேசினான். பதினோரு மாதத்தில் அவனாக என்னிடம் வந்து பேசியது நாலைந்து தடவை இருக்கும். கம்பை ஊன்றிக்கொண்டு கொட்டகை வரைக்கும் வந்தான்.

"அண்ணே, அந்த வண்டிய ஒண்ணு சரி பண்ணுங்க. இல்ல, என் கண்ணுல படாம எங்கயாச்சும் கொண்டு போயிருங்க. சப்பிப்போன சக்கரத்தோட நிக்கிறத ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே கெடக்க முடியல."

சரி என்றேன். வேறென்ன சொல்ல.

அப்பாவின் பழைய புல்லட். நான் பிறந்த வருடம் வாங்கியது என்பார். அவர் போன பிறகு ஆர்.சி. புத்தகம் என் பெயருக்கு மாறியது. ஓட்டியது பெரும்பாலும் கதிர்தான். ரிப்பேர், ஆயில், டயர் எல்லாம் என் பொறுப்பு. அப்படித்தான் பேசி வைத்திருந்தோம்.

போன வருடம் ஆவணிக் கடைசியில் மகளுக்குப் பிறந்தநாள் துணி எடுக்க அவனும் அவன் மனைவி செல்வியும் அதில்தான் விருதுநகர் போனார்கள். திரும்பும்போது பாலவனத்தத்துக்கு முன்னால் வண்டி ரோட்டை விட்டு இறங்கிக் கல்வெட்டுப் பாலத்தின் சுவரில் மோதியது. பின்னால் இருந்த செல்வி அந்த இடத்திலேயே போய்விட்டாள். இவனுக்கு வலது முழங்காலில் பிளேட்.

நாய் குறுக்கே வந்தது, பிரேக் பிடித்தேன், வண்டி ஆடிவிட்டது. அன்றிலிருந்து இதையேதான் சொல்கிறான். ஊரில் குடி என்றார்கள். அவன் குடிக்கிறவனே இல்லை. செல்வியின் அப்பா, மல்லாங்கிணறு மாமா, ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, "என் மகளக் கொன்னுட்டு இவன் மட்டும் முழிச்சுக் கெடக்கான்" என்றார். பதினாறாம் நாள் பேத்தி யாழினியைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். ஏழு வயது. அதற்குப் பிறகு கதிர் அவளைப் பார்க்கவில்லை. பார்க்க விடவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

கடைக்கு மதியம் வரை லீவு. சக்கரங்களைக் கழற்றினேன். அச்சு நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் காத்திருந்து, பிறகு சுத்தியல்.

முன் சக்கரம்: ரிம் உள்பக்கமாக மடங்கி, கடித்த அப்பளம் மாதிரி. டயர் கிழிசல். கம்பிகள் திசைக்கு ஒன்றாக.
பின் சக்கரம்: ரிம் முட்டை மாதிரி நீண்டிருக்கிறது. மோதிய அடி எதுவும் தெரியவில்லை. ஒரு பக்கத்துக் கம்பிகள் தொளதொள. சில அறுந்து தொங்குகின்றன.

பின் சக்கரத்தை ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை. சாக்கைப் போட்டு மூடினேன். கதிர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ரெண்டும் தேறுமாண்ணே?"

"கேப்போம்."

லோடு ஆட்டோ வைத்து அருப்புக்கோட்டை கொண்டுபோனேன். புது மெக்கானிக் கடை, டவுனுக்கு வெளியே திருச்சுழி ரோட்டில். புருஷன் என்ஜின் வேலை பார்க்கிறார், சக்கர வேலை முழுக்க மனைவி பாக்கியம். நைட்டிக்கு மேல் ஒரு துண்டு, கையெல்லாம் கிரீஸ். திங்கட்கிழமை பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

எதற்கு இவ்வளவு தூரம் என்று என் மனைவி சாந்தி கேட்டாள். தெரிந்த கடை ஒன்று இருக்கிறதே என்றாள். அங்கே இப்போது சரியாகப் பார்ப்பதில்லை என்றேன்.

செப்டம்பர் 6, சனி

சாந்தியிடம் சொன்னது பொய். இந்த நோட்டிலாவது உண்மையை எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

விபத்துக்கு இருபது நாள் முன்னால் கதிர் சொன்னான், "பின் சக்கரத்துல கடகடன்னு சத்தம் வருதுண்ணே." நான்தான் வழக்கமான கடைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாலு கம்பி அறுந்திருக்கு. மிச்சமும் தேறாது. நாப்பதையும் மாத்திருவோம், மூணு நாள் விட்டுட்டுப் போங்க" என்றார்.

விதை சீசன். மறுநாள் திருச்சுழி பக்கம் நான்கு ஊருக்கு விதை கொண்டுபோக வேண்டும். வண்டி இல்லாமல் முடியாது. "அறுந்ததை மட்டும் மாத்துங்க, சீசன் முடிஞ்சதும் மிச்சத்தைப் பாத்துக்கலாம்" என்றேன். "சொல்றதச் சொல்லிட்டேன்" என்றார். அரை மணி நேரத்தில் நாலு கம்பியைப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கதிர் கேட்டான்.

"எல்லாம் மாத்தியாச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை. நாலுதான் மாற்றினேன், பார்த்து ஓட்டு என்று சொல்லியிருந்தால் அவன் பார்த்து ஓட்டியிருப்பான். செல்வியை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போயிருப்பான்.

விபத்துக்குப் பிறகு நாய், பிரேக், குடி என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் பயம். அப்புறம் காரியம், பதினாறு. அதற்குப் பிறகு சொல்வதற்கு நாளே வரவில்லை. அந்த மெக்கானிக்கும் கடையைக் கைமாற்றிவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்டார். இது தெரிந்த ஆள் இந்தப் பக்கம் நான் ஒருவன்தான்.

கல்வெட்டில் மோதியதில்தான் கம்பி அறுந்தது என்று பாக்கியம் சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சக்கரத்தைக் கொண்டுபோனேன். கதிர் கேட்டது ஒரு சாக்கு.

செப்டம்பர் 8, திங்கள்

காற்று. கடைவீதி முழுக்கப் புழுதி. வாயைத் திறந்தால் மண்.

பாக்கியம் இரண்டு சக்கரத்தையும் பிரித்து வைத்திருந்தார். தரையில் சாக்கு விரித்து, முன் சக்கரத்துக் கம்பி ஒரு பக்கம், பின் சக்கரத்துக் கம்பி ஒரு பக்கம்.

"இத ஓட்டுனவுக பொழச்சாகளா அண்ணாச்சி?"

"ஓட்டுனவன் பொழச்சான்."

"பின்னாடி யாரும்?"

நான் சாக்கின் ஓரமாகக் குந்தினேன்.

முன் சக்கரத்து அறுந்த கம்பி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "முனையத் தடவிப் பாருங்க." கூராக இருந்தது, விரலைக் கீறியது. பின் சக்கரத்தில் அறுந்தது ஒன்றைக் கொடுத்தார். மழுங்கி, வழவழவென்று இருந்தது. ஆற்றுக் கூழாங்கல் மாதிரி.

"முன்னாடி உள்ளது மோதுன வேகத்துல அறுந்தது. அதான் கூரு. பின்னாடி உள்ளது அப்படி இல்ல. அறுந்த பெறகும் வண்டி ஓடியிருக்கு. ஒண்ணோட ஒண்ணு உரசி உரசித் தேஞ்சிருக்கு. இந்தா, இது மாதிரி பதினொண்ணு. அடுத்தடுத்து உள்ளது."

"மோதுனதுல அறுந்திருக்காதா?"

"மோதுறதுக்கு முன்னாடியே சக்கரம் சரிஞ்சு போச்சு அண்ணாச்சி. ரோட்டுலயே ரிம்மு நீண்டுருச்சு. அந்த நேரம் பிரேக்கு பிடிச்சாலும் அதான், பிடிக்காட்டியும் அதான். எமனே வந்து ஓட்டுனாலும் நிறுத்த முடியாது."

பிறகு நான்கு கம்பிகளைத் தனியாக எடுத்து வைத்தார். மினுமினுவென்று இருந்தன. ஒன்று கூட அறுபடவில்லை.

"இந்த நாலு மட்டும் புதுசு. புதுசு இழுத்த இழுப்புல பக்கத்துல இருந்த பழசு எல்லாம் ஒண்ணொண்ணா விட்டுருச்சு. எவனோ அரைகுறையா வேல பாத்திருக்கான். யாரு பாத்தா?"

"தெரியல."

ரிம் இரண்டும் மாற்ற வேண்டும், கம்பி எண்பதும் புதிது, நடுவில் உள்ள ஹப் இரண்டும் தேறும் என்றார். மதுரையில் சொல்லி வரவழைக்கலாம். பழைய கம்பியை என்ன செய்ய என்று கேட்டார். அந்தப் பதினொன்றை மட்டும் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டேன். ஏனென்று தெரியவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மல்லாங்கிணறு மாமா போன் செய்தார். என்னிடம்தான். கதிரோடு அவர் பேசுவதில்லை.

"வெள்ளிக்கெழம வக்கீலு ஆபீசுக்கு உங்க தம்பியக் கூட்டிட்டு வாங்க. பிள்ள எங்க பொறுப்புலயே இருக்கட்டும். அப்பன்னு சொல்லிக்கிட்டுப் பின்னால வரக் கூடாது. எழுதி வாங்கிக்கிறோம். ஞாயித்துக்கெழம திதி வருது, அதுக்கு முன்னாடி முடிச்சிருவோம்."

கதிர் மாட்டேன் என்பான் என்று நினைத்தேன். கட்டிலில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தபடி சொன்னான், "போட்டுக் குடுத்துருவோம்ணே. அவுக சொல்றது சரிதான. அம்மாவக் கொண்டுபோய்க் கொன்னவன்கிட்ட எந்தப் பிள்ள வளரும்?"

"ஏலே, அப்படிப் பேசாத."

"நாய்தான குறுக்க வந்துச்சு. ஏத்திட்டுப் போயிருக்கலாம். ஒரு நாயப் பாத்து பிரேக்கப் பிடிச்சேன் பாருங்க."

காகிதப் பொட்டலம் பக்கத்து அறையில், என் பீரோவில். பத்தடி தூரம். போய் எடுத்துவர முடியவில்லை.

செப்டம்பர் 10, புதன்

கடை. களைக்கொல்லி ஸ்டாக் இல்லை. காட்டுப்பன்றி தொல்லைக்கு என்ன மருந்து என்று ஒருவர் அரை மணி நேரம் பேசினார். அவர் போன பிறகு அவர் சொன்ன ஒரு வார்த்தை கூட ஞாபகம் இல்லை.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

வக்கீல் அலுவலகம், அருப்புக்கோட்டை, பதினோரு மணி. மாடிப்படி ஏற கதிருக்குப் பத்து நிமிஷம். கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தான்.

மாமாவும் அத்தையும் முன்பே வந்திருந்தார்கள். யாழினியைக் கூட்டி வரவில்லை. கதிர் வாசல் பக்கமே இரண்டு தடவை எட்டிப் பார்த்தான். அத்தை சொன்னார், "பள்ளிக்கூடம் போயிருக்கா."

வக்கீல் படித்துக் காட்டினார். பிள்ளை தாத்தா, அம்மாச்சி பொறுப்பில் வளரச் சம்மதம். பின்னால் உரிமை கோர மாட்டேன். சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி.

கதிர் வாங்கி உடனே கையெழுத்துப் போட்டான். பிறகு கேட்டான், "பாப்பா எத்தனாங்கிளாசு மாமா?" மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தைதான் சொன்னார், "ரெண்டாப்பு."

சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும். ஒன்று வக்கீலின் குமாஸ்தா. இன்னொன்றுக்குப் பேனாவை என் பக்கம் நீட்டினார்கள்.

போட்டேன். முழுப்பெயர், தகப்பனார் பெயர், ஊர்.

இதை விடக் கேவலமாக ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

செல்வியின் வருஷத் திதி. அவர்கள் மல்லாங்கிணற்றில் தனியாகக் கும்பிடுகிறார்கள். எங்களுக்கு அழைப்பு இல்லை. இங்கே நாங்கள் மூன்று பேர்தான். வாழை இலை, சாதம், பருப்பு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு (அவளுக்குப் பிடிக்கும்), வடை, ஒரு சேலை.

காக்காய் உடனே வந்தது. சாந்தி அழுதாள். கதிர் அழவில்லை. படத்தின் முன்னால் நின்று, "பாப்பாவ அவுகளே வச்சுக்கிறாகளாம் செல்வி. நல்லா பாத்துக்கிடுவாக" என்றான். சம்பளம் வந்துவிட்டது, அரிசி வாங்கிவிட்டேன் என்று வீட்டில் சொல்கிற மாதிரி சொன்னான்.

அங்கே நிற்க முடியாமல் கொட்டகைக்குப் போய்விட்டேன். சக்கரமில்லாத வண்டி செங்கல் மேல் நின்றது. சாந்தி பின்னாலேயே வந்தாள்.

"என்னங்க, உங்களுக்கு என்ன செய்யுது? ஒரு வாரமா நானும் பாக்கேன். சோறு இறங்கல, பேச்சு இல்ல."

சொல்லிவிட்டேன். சத்தம், நாலு கம்பி, எல்லாம் மாத்தியாச்சு என்றது, பாக்கியம் சொன்னது, பொட்டலம். எல்லாவற்றையும்.

வடை மாவு காய்ந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பிள்ள அப்பன் இல்லாம ஒரு வருசம் கெடந்திருக்கு. நானும் கதிருத் தம்பிய மனசுக்குள்ள எத்தன நாள் வஞ்சிருக்கேன் தெரியுமா, கொஞ்சம் பாத்து ஓட்டியிருக்கக் கூடாதான்னு. அவரு மொகத்துல முழிச்சு நாளும் சோறு போட்டேன், நீங்க எதுக்க உக்காந்து தின்னீங்க."

"பயமா இருந்துச்சு சாந்தி."

"அத அவருகிட்ட போய்ச் சொல்லுங்க. நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள நீங்க சொல்லணும். இல்லாட்டி நான் சொல்லிருவேன்."

செப்டம்பர் 15, திங்கள்

கடை திறக்கவில்லை.

பத்து மணிக்குப் பொட்டலத்தோடு கதிர் அறைக்குப் போனேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். கீழே உட்கார்ந்தேன். கட்டிலில் உட்காரத் தோன்றவில்லை. பதினோரு கம்பியையும் தரையில் வரிசையாக வைத்தேன்.

"என்னண்ணே இது?"

"பின் சக்கரத்துக் கம்பி. முனையத் தடவிப் பாரு."

ஒன்றை எடுத்துத் தடவினான். அடுத்ததையும். பாக்கியம் சொன்னதை அப்படியே சொன்னேன். பிறகு நான் செய்ததைச் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். கம்பிகளைப் பார்த்துக்கொண்டு.

"எல்லாம் மாத்தியாச்சுன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"நான் கேட்டேன். வாசல்ல வச்சுக் கேட்டேன். எல்லாம் மாத்தியாச்சுன்னீங்க."

"ஆமாலே."

"அப்ப பிரேக்கு?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நீ பிடிச்சிருந்தாலும் பிடிக்காட்டியும் வண்டி விழுந்திருக்கும்."

"நாய்?"

"நாயும் இல்ல."

மறுபடியும் கேட்டான். "பிரேக்குனால இல்லயே?" மறுபடியும் இல்லை என்றேன். நான்கைந்து தடவை கேட்டிருப்பான். ஒவ்வொரு தடவையும் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பிறகு அழ ஆரம்பித்தான். திதிக்கு அழாதவன், செல்வியைத் தூக்கும்போது ஆபரேஷன் மயக்கத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தவன். அப்பாவுக்குப் பிறகு அவன் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டான்.

"வெள்ளிக்கெழம இது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே பக்கத்துல கையெழுத்துப் போட்டீக."

எழுந்து நின்றேன்.

"வெளிய போங்கண்ணே."

போய்விட்டேன். வாசலைத் தாண்டும்போது பின்னால் சொன்னான். கத்தவில்லை. "மல்லாங்கிணறுக்குப் போயி, உங்க வாயால, என் மாமனாருகிட்ட இத அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்த குறைக்காம."

செப்டம்பர் 16, செவ்வாய்

கதிர் எனக்குக் கதவைத் திறக்கவில்லை. சாந்தி கொடுத்தால் சாப்பாடு வாங்கிக்கொள்கிறான். என் காலடிச் சத்தம் கேட்டால் அவளோடு பேசுகிற பேச்சும் நின்றுவிடுகிறது.

பாக்கியம் போன். மதுரையிலிருந்து வந்த பின் சக்கரக் கம்பி நீளம் கூடுதலாம். திருப்பி அனுப்பியிருக்கிறார். "நாலு நாளாகும் அண்ணாச்சி. அவசரம்னா வெட்டிப் போடலாம், ஆனா நான் போட மாட்டேன்." அவசரமில்லை என்றேன். இந்த வார்த்தையை ஒரு வருஷம் தாமதமாகச் சொல்கிறேன்.

மாலை ஐந்து மணிக்குத் தூறல். மண் நனையவில்லை.

செப்டம்பர் 17, புதன்

மல்லாங்கிணறு. இரண்டு பஸ் மாறி, பத்தரைக்கு. மாமா பருத்தி விதையைச் சாணிப்பாலில் புரட்டிக்கொண்டிருந்தார். அத்தை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எதற்கு வந்திருக்கிறேன் என்று இருவருக்கும் குழப்பம். யாழினி பள்ளிக்கூடத்தில். நல்லவேளை.

ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்.

மாமா கையை விதைக்குள் வைத்தபடியே கேட்டார். கடைசி வரை எடுக்கவில்லை. நான் முடித்த பிறகு அத்தை குனிந்து, நான் குடிக்காமல் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுப்படியில் ஏதோ விழுந்து உருண்டது. அப்புறம் அவர் அழுகிற சத்தம்.

"அடிக்கணும்னா அடிங்க மாமா" என்றேன்.

"உம்மள அடிச்சு என்ன ஆகப் போகுது?" எப்போதும் 'நீங்க' என்பவர், 'உம்ம' என்றார். "நான் ஊரெல்லாம் போயி அவரக் குடிகாரன்னு சொல்லிட்டு வந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல, பொணத்த வச்சுக்கிட்டு, அத்தன பேரு முன்னால கொன்னவன்னு சொன்னேன். நீரு பக்கத்துல நின்னீரு. ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல. அந்த மனுசன் வக்கீலாபீசுல பிள்ள எத்தனாங்கிளாசுன்னு கேக்காரு. பெத்தவன். நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன்."

அவருக்கும் கண் கலங்கியது. சாணிக் கையால் துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டார்.

"மருமகன வரச் சொல்லும். பிள்ளயப் பாக்கட்டும். எத்தன நாளு இருந்தாலும் சரி. பேப்பர் வக்கீல்கிட்டதான் இருக்கு, அத நானும் அவரும் பேசிக்கிறோம். நீரு இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம். என் மக போட்டோ இருக்கிற வீடு இது."

சரி என்று எழுந்தேன். பஸ் வர முக்கால் மணி நேரம். நிழலில் நிற்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து கதவுக்கு வெளியே நின்று கதிரிடம் சொன்னேன். உள்ளிருந்து கேட்டான், "வரச் சொன்னாகளா?" "வரச் சொன்னாக." "பாப்பாவப் பாக்கவா?" "ஆமா." கம்பை ஊன்றி எழுகிற சத்தம் கேட்டது.

செப்டம்பர் 18, வியாழன்

கடை. எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். டீக்கடையில், கடைக்கு வந்தவர்களிடம், குடி என்று முதலில் சொன்ன ஆளிடமும். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விதைப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். ஒருத்தர் என்னைத் தேற்ற வந்தார், "விதிக்கு நீங்க என்ன செய்வீக?" என்றார். விதி இல்லை, நான்தான் என்றேன்.

சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. இதுவரை எனக்கு மட்டும் தெரிந்த ஆளாக இருந்தேன். இப்போது எல்லோருக்கும் தெரிந்த ஆள்.

செப்டம்பர் 20, சனி

சக்கரம் ரெடி. பாக்கியம் ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிக் காட்டினார். சாக்பீஸைப் பக்கத்தில் பிடித்தார், ரிம் முழுக்க ஒரே அளவாகக் கோடு விழுந்தது. இம்மி கோட்டம் இல்லை.

"அன்னிக்கு யாரு வேல பாத்ததுன்னு கேட்டீகள்ல" என்றேன். "நான்தான் நாலு போதும்னு சொன்னேன். பின்னாடி இருந்தது என் தம்பி பொண்டாட்டி."

சக்கரம் சுற்றுவதைக் கையை வைத்து நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முடுக்குகிற சாவியை எடுத்து ஒவ்வொரு கம்பியையும் மறுபடி தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். நாற்பதையும். பிறகு அடுத்த நாற்பது.

மாலை கொட்டகையில் மாட்டினேன். செயின், பிரேக் ராடு, அச்சு நட்டு. வண்டி நேராக நின்றது. பெட்ரோல் ஊற்றி உதைத்தேன். ரொம்ப நேரம் கழித்து இருமிக்கொண்டு எடுத்தது. அந்தச் சத்தத்துக்குக் கதிர் வெளியே வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. ஜன்னலைச் சாத்தினான்.

செப்டம்பர் 22, திங்கள்

வெயில் இல்லை, காற்றும் இல்லை.

காலை எட்டுக்குக் கதிர் வெளியே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, ஒரு பை, கம்பு. மல்லாங்கிணற்றுக்குக் கிளம்புகிறான். ஒரு வாரமா, ஒரு மாசமா, சாந்தியிடமும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் வரை பையை எடுத்துவருகிறேன் என்றேன். அவன் கொட்டகையைக் காட்டினான்.

"அத எடுங்க. கல்வெட்டு வரைக்கும்."

"உன்னால உக்கார முடியுமாலே?"

"நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காருறேன்."

சாந்தி வேண்டாம் என்றாள். அவன் கேட்கவில்லை. கம்பைக் குறுக்கே மடியில் வைத்து, மடங்காத காலை வெளியே நீட்டி உட்கார்ந்தான். செல்வி உட்காருகிற மாதிரி ஒரு பக்கமாக.

பரளச்சி, அருப்புக்கோட்டை, பாலவனத்தம். முப்பது கிலோமீட்டருக்கு மேல். குழி வந்தால் என் சட்டையைப் பிடிப்பான், தாண்டியதும் விட்டுவிடுவான். எனக்கு முதுகு முழுக்க வேர்த்திருந்தது. பின் சக்கரத்தில் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன். ஒன்றும் இல்லை. புது ரிம் வெண்ணெய் மாதிரி ஓடியது. அதுதான் தாங்க முடியவில்லை. மூன்று நாள் வண்டியை விட்டிருந்தால் அன்றும் இப்படித்தான் ஓடியிருக்கும்.

கல்வெட்டில் நிறுத்தினேன். மோதிய இடத்தில் சிமெண்டு பெயர்ந்து கிடக்கிறது, இன்னும் பூசவில்லை. சீமைக்கருவேல் இரண்டு பக்கமும் வளர்ந்து மூடியிருக்கிறது. கதிர் இறங்கி அங்கே போய் நின்றான். நான் வண்டிப் பக்கத்திலேயே நின்றேன்.

"விழுறதுக்கு முன்னாடி அவ ஏதோ சொன்னா" என்றான். "பாப்பா கவுன பத்தி. கலரு கொஞ்சம் அடிக்கிற மாதிரி இருக்கோன்னு. நல்லாத்தான் இருக்குன்னு சொல்லத் திரும்புனேன். அந்த நேரம்தான்." பெயர்ந்த சிமெண்டைக் கம்பால் தட்டியபடி, "திரும்புனதுனாலதான் நாய முன்னாடியே பாக்கலையோன்னு, இத யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றான்.

"நீ திரும்புனதுனால இல்லலே."

"தெரியும். இப்பத்தான தெரியும்."

விருதுநகர் பஸ் வந்தது. கை காட்டினான், நின்றது. பையை நான் தூக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

"எப்ப வருவ?"

"தெரியலண்ணே."

கண்டக்டர் கை கொடுத்து ஏற்றினார். கதிர் உட்கார்ந்தது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பஸ் போய்விட்டது.

மூன்றாவது உதையில் வண்டி எடுத்தது. வீடு வந்து சேரும் வரைக்கும், பின்னால் ஆள் இருக்கிற மாதிரியே குழி பார்த்து ஓட்டினேன்.